பசலைச் சாறும் என் பல்லும்

என் இடது கன்னத்துக்கு உள்ளே, மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. வயதாகிப் போய்விட்டது என்றோ, கரும்பு கடித்து விழுந்தது என்றோ பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கீரைச் சாற்றால் போனது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கீரைச் சாற்றால் பல்லைப் பறிகொடுத்தவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் அந்தச் சாற்றைக் குடித்தவள் நான் இல்லை.

அறுபதுகளின் நடுவில் செஞ்சிக் கடைத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். முன்னால் மளிகைக்கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. நான் பனமலைக்காரி. ஏரித் தண்ணீரும் மாட்டுச் சாணியுமாக வளர்ந்தவள். தராசு பிடிக்கிற வீட்டுக்கு ஏர் பிடிக்கிற வீட்டுப் பெண் வருவது பெரிய அதிர்ஷ்டம் என்று என் வீட்டில் எல்லோரும் பூரித்துப் போனார்கள். கரும்பு தின்னக் கூலியா என்று நைனா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்த வீட்டில் மாமியார், என் கணவருடைய அண்ணன், அண்ணனின் மனைவி, என் கணவர், நான். கணவரின் அண்ணனை மூத்தார் என்போம். மூத்தார் எதிரில் தம்பி மனைவி நிற்கக் கூடாது. நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் கூடத்துக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அவர் கை தவறிக்கூட என்மேல் படக் கூடாது. பட்டுவிட்டால் ஊரே காறித் துப்பும். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் சுவரைப் பார்த்து, "சின்னவகிட்ட சொல்லும்மா, வெந்நி வெக்கச் சொல்லு" என்பார். அடுத்த மூச்சில் மாமியார் என்னைப் பார்த்து, "வெந்நி வெக்கணுமாம்" என்பார். எனக்கென்ன காது செவிடா? ஆனாலும் அதுதான் முறை.

மூத்தார் குடிகாரர் இல்லை. குடித்திருந்தாலாவது குடியின்மேல் பழியைப் போடலாம். வெற்றிலைகூடப் போடமாட்டார். நெற்றி நிறைய விபூதி. கடைக்கு வருகிற குழந்தைகளுக்கு ஒரு துண்டு வெல்லம் கிள்ளிக் கொடுக்கிற மனுஷன். அதே ஆள் நடுக்கதவைத் தாண்டி உள்ளே வந்தால் கை நீளும். ரசத்தில் உப்பு கூடினால் அக்காவுக்கு அடி. குறைந்தால் அடி. அக்கா என்று நான் கூப்பிட்டது அவர் மனைவியைத்தான். கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதுவார். ஒருமுறை அரிசி அளக்கிற இரும்புப் படியாலேயே முதுகில் போட்டார். பக்கத்துத் துணிக்கடைக்காரர் அந்தச் சத்தம் கேட்டால் தன் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். அதுதான் அந்தத் தெரு செய்த உதவி.

"அடியாத மாடு படியாது" என்பார் மூத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாட்டைப் பற்றி எனக்கா சொல்கிறாய்? மாட்டை அடித்துப் பழக்குகிறவர்கள்தான் நாங்கள். ஆனால் சினை மாட்டை எங்கள் ஊரில் எவனும் தொடமாட்டான். அக்கா அப்போது சினையாக, சீ, பிள்ளைத்தாச்சியாக இருந்தாள்.

அதற்கு முன்னால் அவளுக்குத் தரித்தவை தங்கவில்லை. இந்த முறை அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸம்மா அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. வெந்த சோற்றின் நிறம்.

"இன்னாம்மா இது, ஒடம்புல ரத்தமே இல்ல? வீட்ல சோறு போடறாங்களா இல்லியா?" என்றாள். பிறகு அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "தெனம் கீரையும் பழமும் உள்ள போவணும். இப்படியே பிரசவத்துக்கு வந்தா தாங்காது. பொட்டுனு போய்டுவா. அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாதீங்க."

கொடுத்த மாத்திரை அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கினால் அடுத்த நிமிஷம் வாந்தி. கீரை கடைந்தால் பூண்டு வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். பொரியல் செய்தால் தட்டைத் தள்ளிவிட்டாள். "எனக்கு வேணாம்டி. போறதுன்னா போய்ட்டுப் போறேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அவளை நானே அறைந்திருப்பேன். "போறவ ஒண்டியாப் போல, வயித்துல இருக்கறதையும் இழுத்துக்கினு போற" என்று கத்திவிட்டுக் கொல்லைக்குப் போனேன்.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பசலைக் கொடி தண்ணீர் குடித்துக் குடித்துக் கொழுத்துக் கிடந்தது. வேகவைத்தால்தானே வாசனை? பச்சையாகவே அரைத்தால்? முதல்நாள் முருங்கைக் கொழுந்தை அரைத்து வடிகட்டி வெல்லம் போட்டுக் கொடுத்தேன். என் முகத்திலேயே துப்பினாள். அடுத்து பசலையும் வாழைப்பழமும். அது வழவழவென்று சளி மாதிரி இருந்தது. நான் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு அவளுக்குக் காட்டாமலேயே கொட்டிவிட்டேன். அரைத்தேன், கொட்டினேன், அரைத்தேன், கொட்டினேன். அம்மியின்மேல் எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் இறங்கியது. அந்தக் குழவிக்கு அடியில் மூத்தாரின் விரல்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு அரைப்பேன். கீரை மையாக அரைபட அதைவிட நல்ல வழி கிடையாது.

ஆவணி பிறந்ததும் மலையடிவாரத்துப் பெண்கள் கூடையில் சீத்தாப்பழத்தோடு தெருவுக்கு வந்தார்கள். கோட்டை மலையில் பாறைக்குப் பாறை சீத்தாச் செடிதான். அதில்தான் எனக்கு வழி பிறந்தது. இளம் பசலை இலை இரண்டு கைப்பிடி, கொத்தமல்லி கொஞ்சம், முருங்கைக் கொழுந்து ஒரு சிட்டிகை, சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி. இவற்றை உப்புக்கல் ஒன்று வைத்து நைய அரைத்து, இளநீர் விட்டுக் கரைத்து, வெள்ளைத் துணியில் பிழிய வேண்டும். நன்றாகக் கனிந்த சீத்தாப்பழத்தின் சதையைச் சல்லடையில் போட்டுக் கையால் தேய்த்தால் கொட்டை மேலே நிற்கும், பால்கோவா மாதிரி சதை கீழே இறங்கும். அதில் பாதி வாழைப்பழத்தை மசித்து, பச்சைச் சாற்றை விட்டு, எலுமிச்சம்பழம் அரைமூடி பிழிந்து, மண்பானைத் தண்ணீரில் சொம்பை இறக்கிக் குளிரவைக்க வேண்டும். கிளிப்பச்சை நிறத்தில் கெட்டியாக இருக்கும். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, தொண்டையில் இறங்கும்போது இஞ்சி. கீரை இருக்கிற இடமே தெரியாது. இப்போது இதையே மிக்ஸியில் அடித்து, ஸ்மூத்தி என்று பேர் வைத்து, உறிஞ்ச ஒரு குழாயும் செருகித் தருகிறார்கள். நன்றாக இருக்கட்டும்.

அக்கா முதல் வாயை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். துப்பப் போகிறாள் என்று நான் முகத்தை நகர்த்தினேன். விழுங்கினாள். பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்து முடித்தாள். மேலுதட்டில் பச்சை மீசை. "இன்னும் இருக்குதாடி?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றிலிருந்து தினமும் சாறுதான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நகத்தில் நிறம் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது.

அடியும் குறைந்தது. அது என் வேலை. மூத்தார் கை ஓங்குகிற சத்தம் கேட்டால் நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் போய் அக்காவை ஒட்டி நின்றுவிடுவேன். அவள்மேல் விழுகிற அடி என்மேலும் பட்டாக வேண்டும். பட்டால் முறை கெட்டது. ஓங்கிய கை அப்படியே நிற்கும். கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி இரண்டடி பின்னால் போவார். "சின்னவள அப்பால போவச் சொல்லும்மா!" என்று சுவரைப் பார்த்து அலறுவார். மாமியார், "அப்பால போவணுமாம்" என்பார். நான் போகமாட்டேன். முறை முறை என்று என்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்களே, அந்த முறையையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் அந்தக் கொட்டையில் வந்து இடித்தது.

எனக்குத் தலையில் பேன். புகுந்த வீட்டில் சொல்ல வெட்கம். சீத்தாக்கொட்டையை அரைத்துத் தலையில் தடவினால் பேன் சாகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணில் படாமல் தடவ வேண்டும், பட்டால் கண் போய்விடும், அவ்வளவு விஷம். அதனால் சல்லடையில் நின்ற கொட்டைகளை எறியாமல் கழுவி, முறத்தில் போட்டு, கொல்லையில் கீற்று மறைவில் காயவைத்திருந்தேன். அந்தக் கொட்டைக்கு இன்னொரு பேரும் உண்டு. வேண்டாத கருவைக் கலைக்க அதை அரைத்துக் கொடுப்பார்கள் என்று பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் காலையில் அக்கா வயிறு வலிக்கிறது என்றாள். முந்தின நாள் தின்ற மொச்சைதான் காரணம். ஆனால் மாமியார் கொல்லைக்குப் போனார், முறத்தைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு நொடியில் முடிந்துவிட்டது. பெரியவனுக்கு வாரிசு இல்லையென்றால் கடை யாருக்கு? சின்னவனுக்கு. சின்னவள் தினம் அம்மியில் என்ன அரைக்கிறாள்? முறத்தோடு நடுக்கதவைத் தாண்டிக் கடைக்கே போய்விட்டார். "பாருடா பெரியவனே! மருந்து வெச்சிட்டாடா! உம் புள்ளைக்கு மருந்து வெச்சிட்டா!"

அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். மூத்தார் வருகிற வேகத்தில் நடுக்கதவு சுவரில் அறைந்தது. பழக்கத்தில் என் கால் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பழக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என் காலை நானே உடைக்கலாம் போல இருக்கும்.

டம்ளரை உதைத்தார். சுவரெல்லாம் பச்சை. அக்காவின் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்துத் தலையைப் பின்னுக்கு வளைத்தார். "துப்புடி! எல்லாத்தியும் கக்குடி!"

"வயித்துல போனதுக்கு உப்புத் தண்ணிதான்டா, ஊத்து, வாந்தியா வந்துடும்" என்று மாமியார் சொம்பில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்தார்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். "அத்த, சொல்லுங்க அவருகிட்ட! அது பேனுக்கு! என் தலைல பேனு!"

"பேனுக்காம்" என்றார் மாமியார், மகனிடம், அந்த நேரத்திலும் முறை தப்பாமல்.

"எவ தலைல இவ்ளோ பேனு இருக்குது? கேளும்மா!" என்றார் மூத்தார் சுவரைப் பார்த்து. கேட்டுக்கொண்டே அக்காவின் தாடையை நெரித்து வாயைத் திறந்து உப்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். எங்கள் வீட்டில் மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றும்போதுகூட மூச்சு விட இடம் கொடுத்துத்தான் ஊற்றுவோம். அக்காவுக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது. கண் மேலே செருகியது. கால் இரண்டும் தரையில் அடித்துக்கொண்டன. ஒரு கை மட்டும் வயிற்றை விடவே இல்லை.

நான் வெளியே வந்தேன். முக்காடும் இல்லை ஒன்றும் இல்லை. சொம்பைப் பிடுங்கி வீசினேன். அது மாமியாரின் காலில் விழுந்தது, விழட்டும். அக்காவின்மேல் குப்புற விழுந்து அவளை அணைத்துக்கொண்டேன். வழக்கம்போல அவர் பின்வாங்குவார் என்று நினைத்தேன். அன்றைக்கு வாங்கவில்லை. அவர் கை அரிசிப் பானைமேல் இருந்த இரும்புப் படியைத் தேடி எடுத்ததைப் பார்த்தேன். அவர் கண் அக்காவின் தலையைக் குறிவைத்திருந்தது.

ஊரில் பலபேர் பலவிதமாகச் சொன்னார்கள், அடி தவறி என்மேல் பட்டது என்று. தவறியும் இல்லை, கிவறியும் இல்லை. நான்தான் என் முகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கு எதிரில் வைத்தேன்.

கன்னத்தில் ஒரு வெளிச்சம். பிறகு வாயெல்லாம் உப்பு. நாக்கில் ஏதோ கல் மாதிரி உருண்டது. துப்பினேன். பல்.

மூத்தாரின் கையிலிருந்து படி நழுவி விழுந்தது. மாமியார் இரண்டு கையாலும் வாயில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஐயோ! தம்பி பொண்டாட்டியத் தொட்டுட்டானே! தம்பி பொண்டாட்டி மேல கைய வெச்சிட்டானே!"

அதற்குத்தான் நான் காத்திருந்தேன். அக்காவைத் தூக்கி நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடுக்கதவைத் தாண்டி, கடையைத் தாண்டி, தெருவுக்கு வந்து நின்றேன். என் மார்பெல்லாம் ரத்தம். துணிக்கடையில் ரேடியோ நின்றது. எத்தனை வருஷம் எத்தனை அடி விழுந்தும் வெளியே வராத தெரு, அன்றைக்கு மொத்தமாக வந்தது. "மூத்தாரு தொட்டுட்டாராம்." "தம்பி பொண்டாட்டியவா? அட சண்டாளா!" பக்கத்தில் அக்கா மூக்கு வழியே உப்புத் தண்ணீர் ஒழுக நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒருத்தரும் பார்க்கவில்லை.

திண்டிவனம் பஸ் அப்போதுதான் வந்தது. சரக்கு மூட்டையோடு இறங்கிய என் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், என் முகத்தைப் பார்த்தார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். மூட்டையைக் கீழே வைக்கவில்லை. அதை அப்படியே அண்ணன்மேல் எறிந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கடைக்குள்ளேயே கட்டிப் புரண்டார்கள். துவரம் பருப்பு சிதறியது. மிளகாய் மூட்டை கிழிந்து தெரு முழுக்கத் தும்மியது. தும்மிக்கொண்டே என் கணவர் அடித்தார், தும்மிக்கொண்டே அண்ணன் அடி வாங்கினார். மூத்தாரின் மூக்கு உடைந்தது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று யாரோ மெச்சிக்கொண்டார்கள்.

எனக்குப் பெருமை வரவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டேன், தெருவே கேட்கும்படி: "அக்காவ அடிச்சப்பல்லாம் இந்தக் கை எங்க போச்சு? வயித்துல புள்ளயோட அடிச்சப்ப எங்க போச்சு?"

என் கணவர் ஓங்கிய கையோடு நின்றார். துணிக்கடைக்காரர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய மனுஷர்கள் கூடிப் பேசினார்கள். முறை கெட்டவர் நடுக்கதவைத் தாண்டக் கூடாது, சோறும் படுக்கையும் கடையிலேயே என்று தீர்ப்பு. அதுவும் பிள்ளை பிறக்கும்வரைக்கும்தானாம். அக்காவை அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கல்லானாலும் கணவன் என்று அவளுக்குத்தான் புத்தி சொன்னார்கள். எப்படியோ, நடுக்கதவு மூடிக்கொண்டது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வீங்கின கன்னத்தோடு மறுநாளே அம்மியில் உட்கார்ந்தேன். சீத்தாப்பழம் தீரும்வரை அதுவும், பிறகு கொய்யாவும். அக்கா ஒருநாள்கூட விடாமல் குடித்தாள்.

மழைக்கால முடிவில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. போன உதிரம் கொஞ்சநஞ்சமில்லை. கட்டிலிலிருந்து தரையில் சொட்டியதை நான் பார்த்தேன். நர்ஸம்மா வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். "பொழச்சிக்கினா. பழைய ஒடம்பா இருந்திருந்தா இந்நேரம் துணி போத்தியிருப்போம்" என்றாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

தீட்டு கழித்து வீட்டுக்கு வந்ததும் மூத்தாருக்கு நடுக்கதவு திறந்துவிட்டது. தீர்ப்பு தீர்ப்புதானே. அன்று மத்தியானம் அவர் குளித்து, விபூதி பூசி, அடுப்பங்கரையில் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். உடைந்த மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், அம்மிக் குழவியைக் கையில் வைத்துக்கொண்டு. இந்த முறை வெளியே வர நான் ஒரு நொடிகூட யோசித்திருக்கமாட்டேன்.

ஆனால் நான் வெளியே வர வேண்டிய தேவையே வரவில்லை. அக்கா சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பிறகு மாடத்திலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து, துடைத்து, அவர் இலைக்கு நேர் எதிரில் அலமாரித் தட்டில் வைத்தாள். கடையில் மிட்டாய் போட்டு வைக்கிற ஜாடி. கழுத்து வரைக்கும் கறுப்பாக, பளபளவென்று சீத்தாக்கொட்டை. முறத்தோடு கொல்லையில் வீசியிருந்ததை அவள் எப்போது பொறுக்கிச் சேர்த்தாள் என்று எனக்கே தெரியாது.

மூத்தார் ஜாடியைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு இங்க?"

"பேனுக்கு" என்றாள் அக்கா. குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

அந்த வீட்டில் ஆம்பளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பொம்பளை கையை நனைக்க வேண்டும். மூத்தார் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஈ மொய்த்தது. கடைசியில், சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நீ மொதல்ல ஒரு வாய் சாப்பிடு."

அக்கா அவர் இலையிலிருந்தே ஒரு கவளம் எடுத்து, நிதானமாக மென்று விழுங்கினாள். அதற்கப்புறம்தான் அவர் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம், அவள் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிட்டார். கை ஒருமுறைகூட ஓங்கவில்லை. அந்த ஜாடியிலிருந்து கொட்டை எடுத்து அரைத்தது நான் ஒருத்திதான். என் பேனுக்கு.